ஒட்டாத பதினேழு

பசையக்காவுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. காலண்டர் அச்சகத்தின் பின்பக்கக் கொட்டகையில் மைதாவைக் கரைத்து, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டு, அடிப்பிடிக்காமல் கிண்டிக் கிண்டிப் பசை காய்ச்சுவது அவள் வேலை. பதினான்கு வருடமாக அதைத்தான் செய்கிறாள். அவள் பசையில் ஒட்டியதைப் பிரிக்கப் பார்த்தால் தாள் கிழியுமே தவிர ஒட்டு விடாது. அதில் கர்வம் உண்டா என்று கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பாள். பசை கொஞ்சம் இளகல் என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும், அன்றைக்குத் தெரியும் சங்கதி.

அவள் புருஷன் டிராம் கண்டக்டர். கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகிறது. ஒரே கூரைக்கடியில் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஒரே நேரத்தில் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை அவருக்கு டூட்டி, மறுபடியும் சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது வரை. நடுப்பகலில் அவர் வீட்டில் இருப்பார், அவள் அச்சகத்தில் இருப்பாள். அவள் வந்து சேரும்போது அவர் டிராமில் தொங்கிக்கொண்டிருப்பார். ராத்திரி அவர் வருவதற்குள் வீடு தூங்கியிருக்கும். அச்சகத்துக்கு ஞாயிறு விடுமுறை, அன்றைக்கு அவருக்குப் பகல் முழுக்க வண்டி; அவருக்குப் புதன் ஓய்வு. ஞாயிறாக மாற்றித் தரச் சொல்லி மூன்று தடவை மனுப் போட்டார். மூன்று தடவையும் ஒரே வாசகத்தில் பதில் வந்தது. மனுவைப் பிரித்தாவது பார்த்தார்களா என்பதே சந்தேகம்.

ஏழு வயதில் ஒரு மகள். அவளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். அவள் கணக்கில் வாரத்துக்கு ஏழு கிழமை கிடையாது. ஞாயிறு அம்மா கிழமை, புதன் அப்பா கிழமை, மீதியெல்லாம் வெறுங்கிழமை. ஒருநாள் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"அம்மா, மூணு பேர் கிழமை எப்ப வரும்?"

"அப்படி ஒரு கிழமை இல்லடி."

"வெச்சா என்ன?"

"ஆடாம இரு. பின்னல் கோணுது" என்றாள் பசையக்கா. பின்னல் கோணவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றதால் அவளுக்குத்தான் எல்லாம் கோணலாகத் தெரிந்தது.

இந்த இடத்தில் பதினேழாம் தேதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால், வெயில் மண்டையைப் பிளக்கிற மாதத்தில், ஒரு பதினேழாம் தேதி ஊரே தெருவுக்கு வந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், தோல் பதனிடுகிறவர்கள், சலவைக்கூடத்துப் பெண்கள், டிராம்காரர்கள், அச்சகத்துக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். பன்னிரண்டு மணி நேர வேலையை எட்டாக்கு என்று கேட்டார்கள். அதுவரை சலவைக்காரிக்கு மூட்டைக்காரர் யாரோ, அவருக்கு இவள் யாரோ. அன்றைக்குத்தான் முதல்முதலாக ஒரே பானையிலிருந்து தண்ணீர் குடித்தார்கள். மத்தியானம் கடைத்தெரு முனையில் தடியடி நடந்தது. மூட்டை தூக்குகிற ஒருவர் விழுந்தார், எழுந்திருக்கவில்லை. அவரைத் தூக்கிப் போனவர்களில் கண்டக்டரும் ஒருவர். வீட்டுக்கு வந்து, "ஊர்ப் பாரமெல்லாம் தூக்குன மனுஷன். கனமே இல்ல" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

எட்டு மணி நேரம் வந்தது. டிராம் கம்பெனி அந்த எட்டை நாலும் நாலுமாக உடைத்ததுதான் அதன் சாமர்த்தியம். பிறகு எல்லாத் தொழில்காரர்களும் சேர்ந்து இன்னொன்று கேட்டார்கள். வருடத்தில் அந்த ஒரு நாள், பதினேழாம் தேதி, எல்லாருக்கும் ஒன்றாக விடுமுறை வேண்டும். கேட்டது அவ்வளவுதான். பரிசீலனையில் இருக்கிறது என்றது சர்க்கார். இந்தப் பரிசீலனை என்பது பெரிய இரும்பு அலமாரி. உள்ளே போன காகிதம் எதுவும் வெளியே வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இனி காலண்டருக்கு வருவோம். மாதத்துக்கு ஒரு தாளாகப் பன்னிரண்டு தாள். ஒவ்வொரு தாளும் இயந்திரத்தில் இரண்டு தடவை போகும். முதலில் கறுப்பு மை, அடுத்தது சிவப்பு மை. விடுமுறை நாளின் எண்ணைக் கறுப்பு மைக்கான அச்சுச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டுச் சிவப்புச் சட்டத்தில் வைக்க வேண்டும். வைக்கிறவர் கம்பாசிட்டர். நெஞ்சுக்கூடு தெரிகிற ஒல்லி மனிதர், அதிகம் பேசாதவர், பத்து வருடத்தில் ஒரு புள்ளி இடம் மாற்றி வைத்ததில்லை. அந்த வருடம் அவர் ஐந்தாவது தாளில் பதினேழைக் கறுப்பிலிருந்து எடுத்துச் சிவப்பில் வைத்தார். விடுமுறை அறிவிப்பு விரைவில் வரும் என்று ஏதோ பத்திரிகையில் போட்டிருந்தது. அதை அவர் நம்பிவிட்டார்.

பிழை திருத்துகிறவர் பார்த்தார், சரி என்று கையெழுத்துப் போட்டார். மெஷின்காரர் பார்த்தார், ஓட்டினார். தாளை அடுக்கினவரும் பார்த்தார். நாலு பேர் கண்ணைத் தாண்டி இருபதாயிரம் தாள் போயிற்று. நாலு பேருமே அன்றைக்குத் தெருவில் நின்றவர்கள். அவர்கள் கண்ணுக்குப் பதினேழு சிவப்பாக இருந்ததில் ஒரு தப்பும் தெரியவில்லை. கடைசியில் கண்டுபிடித்தவர் முதலாளி. கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் விடுமுறை என்ற சொல் காதில் விழுந்தால் அன்றைய நஷ்டத்தைக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். புதுக் காலண்டர் வந்ததும் சிவப்பு எண்களை விரல் விட்டு எண்ணுவது அவர் வழக்கம். எண்ணினார், ஒன்று கூடுதலாக வந்தது.

"பதினேழு என்னைக்குய்யா லீவாச்சு?" என்று மெஷின் சத்தத்தையும் மீறிக் கத்தினார்.

கம்பாசிட்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "ஆகலையா முதலாளி?"

அவர் நக்கலாகக் கேட்கவில்லை. மெய்யாகவே கேட்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு முதலாளிக்கே திட்ட மனம் வரவில்லை. இருந்தாலும் கம்பாசிட்டரை ஒரு மாதம் எழுத்து அடுக்கவிடாமல், பழைய அச்செழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போடும் வேலைக்கு அனுப்பினார். திரும்ப அச்சடிக்க நேரமும் இல்லை, தாளும் இல்லை. ஆகவே வெள்ளைத் தாளில் கறுப்பாக இருபதாயிரம் பதினேழு அச்சடித்து, சின்னச் சின்னச் சீட்டாக வெட்டி, சிவப்புப் பதினேழின் மேல் ஒட்டிவிடுவது என்று முடிவாயிற்று. ஒட்ட வேண்டியவர்கள் பைண்டிங் பிரிவுப் பெண்கள் பதினொரு பேர். நாலு நாள் கெடு.

முதலாளி பசையக்காவைத் தன் அறைக்குத் தனியாக அழைத்தார்.

"தப்பில்லாத காலண்டர்னு முதல் பக்கத்துல போட்டு விக்கிறேன். ஒரு சீட்டு கழண்டு விழுந்தாலும் எனக்கு மானக்கேடு. விழுந்துச்சுன்னா நான் வேற யாரையும் கேக்க மாட்டேன், உன்னைத்தான் கேப்பேன். நீ அப்படியே வீட்டுக்குப் போயிடலாம். புரியுதா?"

"புரியுதுங்கய்யா."

கொட்டகைக்குத் திரும்பி அடுப்பை மூட்டினாள். மைதாவைக் கரைக்கத் தண்ணீர்ச் செம்பை எடுத்தாள். கொஞ்சம் தண்ணீர் கூடுதலாக விட்டால் போதும், பசை செத்துவிடும். பதினேழு சிவப்பாகவே இருக்கும், வாலு கேட்ட கிழமை வந்தாலும் வரும். ஆனால் வேலை போய்விடும். புருஷன் ஒருவர் சம்பளத்தில் வீட்டு வாடகைக்கே தாளம் போட வேண்டியதுதான். செம்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, எப்போதும் போல நல்ல பசையாகவே காய்ச்சினாள். கெட்ட பசை காய்ச்ச அவள் கைக்குத் தெரியவும் தெரியாது. இரண்டு வாளி நிறைய, கரண்டியில் எடுத்தால் மெதுவாக இழைந்து விழுகிற பதத்தில் இறக்கி வைத்தபோது, தன் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

பதினொரு பேரும் ஆளுக்கொரு கிண்ணத்தில் பசை வாங்கிப் போனார்கள். மறுபடி கேட்டு வருவார்கள் என்று இருந்தாள். ஒருத்தியும் வரவில்லை. சாயங்காலம் மணி அடித்ததும் முதலில் வந்தவள் நெட்டை. பைண்டிங் பிரிவில் எல்லாரையும்விட ஒரு தலை உயரம் அவள்.

"இந்தாக்கா கிண்ணம்" என்று சொல்லிவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் நடையைக் கட்டினாள். கிண்ணத்தின் மேல் ஒரு துண்டுத் தாள் மூடியிருந்தது. அடுத்து வந்தவள் சிரிப்பு. காரணமே இல்லாமல் சிரிக்கிறவள். அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை. அவள் கிண்ணத்திலும் மூடி இருந்தது. இப்படியே ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஒருத்தி வந்து போகும் வரை அடுத்தவள் வாசலில் ஒதுங்கி நின்றாள். பதினொரு கிண்ணமும் வரிசையாகத் திட்டில் உட்கார்ந்துவிட்டன.

பசையக்கா முதல் மூடியை எடுத்தாள். கிண்ணம் நிறையப் பசை இருந்தது. மேலே ஏடு படிந்து, அந்த ஏடுகூட உடையாமல் இருந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு விரல்நுனி தொட்ட குழி. அடுத்ததைத் திறந்தாள், அதுவும் அப்படியே. பதினொன்றையும் திறந்து பார்த்துவிட்டாள். பதினொன்றிலும் அதே விரல்நுனிக் குழிதான்.

பைண்டிங் அறைக்கு ஓடினாள். ஐயாயிரம் தாள் அழகாக அடுக்கி வைத்திருந்தது. மேல்தாளில் கறுப்புப் பதினேழு கனகச்சிதமாக உட்கார்ந்திருந்தது. குனிந்து லேசாக ஊதினாள். சீட்டு எழுந்து பறந்து, தரையில் போய் விழுந்தது. கீழே சிவப்பு மை பளிச்சென்று தெரிந்தது. இன்னொருத்தி அடுக்கிலிருந்து ஒரு தாளை எடுத்து ஊதினாள், அதுவும் பறந்தது. எல்லாவற்றிலும் ஒரு மூலையில் கடுகளவு பசை மட்டும் இருந்தது. மேலே நாலு மாதத்துத் தாள் அழுத்திக்கொண்டிருக்கும் வரை சீட்டு நகராது. ஐந்தாவது மாதம் பிறந்து தாளைப் புரட்டினால், காற்று பட்டதும் விழுந்துவிடும். பதினொரு பேரும் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. தான் ஒருத்திதான் இந்தக் காரியத்தைச் செய்கிறோம் என்று ஒவ்வொருத்தியும் பயந்துகொண்டே செய்திருக்கிறாள்.

பசையக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலாளி அறையில் சொன்னது இவர்கள் யாருக்கும் தெரியாது. சீட்டு விழுந்தால் போவது தன் வேலை. மேற்பார்வை பார்க்கிற போர்மேனிடம் ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாவற்றையும் திரும்ப ஒட்ட வைத்துவிடுவார். அவள் பிழைத்துக்கொள்வாள். அவளுக்குப் பயமாக இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் பயத்துக்கு மேலே வேறொன்றும் இருந்தது. சிரிப்புக்காரிகூடச் சிரிக்காமல், ஐந்நூறு தாளில் கடுகு கடுகாகத் தொட்டு வைத்திருக்கிறாளே என்று நினைத்தாள். ஊதிப் பார்த்த சீட்டுகளைப் பொறுக்கி, கடுகளவு பசை தொட்டு, அவளே திரும்ப வைத்தாள். பன்னிரண்டாவது ஆள் சேர்ந்தாயிற்று.

போர்மேன் வாசலில் தலையை நீட்டினார். "பசை சரியா இருக்கா?"

"என் பசையில எப்பய்யா குறை வந்துச்சு?" என்றாள். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

மிச்சப் பசையைத் தினமும் வெளியே எடுத்துப் போய்க் கொட்டுவது அவள் வேலைதான், ஆகவே வாயில்காவலர் வாளியைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. வாளி இரண்டும் ததும்பத் ததும்ப இருந்ததை அவர் கவனிக்கவில்லை. கொட்ட அவளுக்கு மனம் வரவில்லை. டிராம் நிறுத்தத்தில் நின்றாள். இரண்டு வண்டியை விட்டு மூன்றாவது வந்தது. புருஷனுடைய வண்டி. ஆள் நெரிசலில் வாளியைப் படியில் ஏற்றினாள்.

"என்ன இது?" என்றார் கண்டக்டர்.

"பசைங்க. உங்க சங்கத்துல பதினேழாந்தேதி சுவரொட்டி கட்டுக் கட்டா கெடக்கு, ஒட்டப் பசை இல்லன்னீங்களே."

"அதுக்கு இவ்ளோவா?"

"இன்னும் மூணு நாளைக்கு வரும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்காமலே புரிந்துகொள்கிற பழக்கம் அந்த வீட்டில் இருவருக்கும் உண்டு, பேச நேரம் கிடைக்காததால் வந்த பழக்கம். டிக்கெட் கட்டை எடுத்துக் கிழித்தார்.

"வாளிக்கு லக்கேஜ் எடுக்கணும். பொண்டாட்டின்னா சும்மா விட்டுருவனா?"

கூட்டத்துக்கு நடுவில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த லக்கேஜ் டிக்கெட்டை மடித்து வைத்துக்கொண்டாள்.

நாலு நாளும் விடியற்காலை முதல் வண்டிக்கு முன்னால் டிராம்காரர்கள் ஊர்ச் சுவரெல்லாம் சுவரொட்டி ஒட்டினார்கள். 'பதினேழு நம்முடைய நாள்' என்பதுதான் வாசகம். நகராட்சி ஆட்கள் சுரண்டிப் பார்த்தார்கள். காரை பெயர்ந்ததே தவிர, தாள் பெயரவில்லை. மழை அடித்தது, வெயில் காய்ந்தது, சுவரொட்டி அசையவில்லை. வேலைக்குப் போகிற வழியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் பசையக்கா நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பிப் பார்ப்பாள். கிளம்பாது. அன்றைக்கெல்லாம் அவளுக்குத் தலைகால் புரியாது.

ஐந்தாவது மாதம் பிறந்தது. ஊரில் எல்லாரும் தாளைப் புரட்டினார்கள். டீக்கடையில் ஒரு சீட்டு யாருடைய டம்ளரிலோ விழுந்தது. வங்கியில் மானேஜர் மேசை மேல் விழுந்தது. சர்க்கார் அலுவலகங்களிலும் அதே காலண்டர்தான் தொங்கியது, அங்கும் விழுந்தது. பெருக்குகிறவர்கள் பெருக்கித் தள்ளினார்கள். எல்லார் கண்ணுக்கும் சிவப்புப் பதினேழு தெரிந்தது, வெளியே வந்தால் சுவரிலும் அதுவே தெரிந்தது. அப்படியென்றால் அறிவித்துவிட்டார்கள் போலிருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள்.

முதலாளி அறையிலும் விழுந்தது. எச்சில் தொட்டு ஒட்டிப் பார்த்தார், மறுபடி விழுந்தது. ஆள் அனுப்பினார்.

பசையக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே போனாள். போகும் வழியில் கரண்டியை, அடுப்பை, கொட்டகையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். இதோடு சரி என்று நினைத்தாள்.

"என்ன பசை காய்ச்சுன நீ?"

"எப்பவும் காய்ச்சுறதுதாங்கய்யா. சந்தேகம்னா இப்ப கொண்டாரேன்."

கொண்டுவந்தாள். முதலாளி தம் கையாலேயே ஒரு சீட்டை மேசையில் ஒட்டினார். சற்றுப் பொறுத்து நகத்தால் கீறினார். பேனாக் கத்தியால் நெம்பினார். மேசையின் பாலிஷ் உரிந்து வந்தது, சீட்டு வரவில்லை.

"பசையில தப்பில்ல" என்றார் குழப்பத்தோடு. "அப்ப..."

அதற்குள் தொலைபேசி அடித்தது. டிராம் கம்பெனியின் தலைமைக் குமாஸ்தா. வருடத்துக்கு நானூறு காலண்டர் வாங்குகிற இடம். அவர் குரல் மேசைக்கு எதிரே நின்றவளுக்கும் கேட்டது.

"உங்க காலண்டர்ல பதினேழு சிவப்பா இருக்கே? டூட்டிப் பட்டியல் போடணும். லீவுதானா, இல்ல உங்க காலண்டர்ல தப்பா?"

முதலாளி நிமிர்ந்தார். எதிர்ச்சுவரில் 'தப்பில்லாத காலண்டர்' என்று கொட்டை எழுத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதையே பார்த்தார்.

"எங்க காலண்டர்ல தப்பா? இத்தனை வருஷத்துல ஒரு தப்பு வந்துருக்கா? சிவப்புன்னா லீவுதான்" என்று சொல்லி, ஃபோனைப் படாரென்று வைத்தார்.

சீட்டு விழுந்தது என்று இனி அவர் யாரையும் கேட்க முடியாது. சீட்டு என்று ஒன்று ஒட்டியிருந்தால்தானே விழுவதற்கு?

"போ. போய் வேலையப் பாரு" என்றார். அவள் கதவைத் தாண்டும்போது திரும்பவும் கூப்பிட்டார். "இந்தாம்மா. எல்லார்கிட்டயும் சொல்லு. பதினேழாந்தேதி ஒருத்தரும் வேலைக்கு வந்து என் மானத்த வாங்கக் கூடாது."

கொட்டகைக்கு வந்ததும் பசையக்கா பதினொரு பேரையும் கூப்பிட்டு அதைச் சொன்னாள். சிரிப்பு சிரித்தாள் பாருங்கள், மெஷினில் ஏதோ உடைந்துவிட்டதோ என்று போர்மேன் ஓடி வந்தார். எழுத்து அடுக்கிக்கொண்டிருந்த கம்பாசிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார். அவர் எப்போது சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

இவ்வளவும் நடந்த பிறகு விதி வேறொரு ரூபத்தில் வந்தது. விடுமுறை நாளில் டிராம் அடியோடு நிற்காது. வழிக்கு ஒரு வண்டி, காலை பத்திலிருந்து ஆறு வரை ஓட வேண்டும். யார் ஓட்டுவது என்று டிப்போவில் சீட்டுக் குலுக்கினார்கள். அறுபது பேரில் நாலு பேருக்குத்தான் டூட்டி விழும். கண்டக்டருக்கு விழுந்தது.

ராத்திரி வீட்டுக்கு வந்து அவர் அதைச் சொன்னதும் பசையக்கா எழுந்தாள். அடுப்பங்கரைக்குப் போய், கழுவி வைத்த பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். ஒரு வேலையைப் பணயம் வைத்து, ஊருக்கெல்லாம் ஒரு நாள் வாங்கிக் கொடுத்து, தன் வீட்டுக்கு மட்டும் இல்லை என்றால் யாருக்குத்தான் ஆற்றாமை வராது? அழுதாள். கண்டக்டர் நிலைப்படியில் கைகட்டி நின்றார்.

தூக்கம் கலைந்து வந்த வாலு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா வீட்டுக்கு வர முடியாதுன்னா, நாம அப்பா வண்டிக்குப் போனா என்னம்மா?"

பெரியவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்பது வருடத்தில் இது ஏன் தோன்றவில்லை என்று இருவருக்கும் வெட்கமாக இருந்தது.

பதினேழாம் தேதி வியாழக்கிழமை. நாலு அடுக்கு டிபன் கேரியரோடு, தலைவாரிப் பூ வைத்து, முதல் நிறுத்தத்தில் இருவரும் ஏறினார்கள். வண்டி காலி. கண்டக்டர் மிடுக்காக வந்து நின்று, "எங்க போகணும்?" என்றார்.

"எங்கயும் போக வேணாம்" என்றாள் வாலு. "இங்கதான் இருக்கணும்."

அதற்கு என்ன டிக்கெட் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசி நிறுத்தத்துக்கு இரண்டு கிழித்துக் கொடுத்தார். ஊர் புதிதாக இருந்தது. சலவைக்கூடத்துப் புகைக்குழாயில் புகை இல்லை. தோல் கிடங்கு பூட்டியிருந்தது. வீட்டு வாசல்களில் ஆண்கள் பட்டப்பகலில் பிள்ளைகளுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். கடைத்தெரு முனை வந்ததும் டிரைவர் வேகத்தைக் குறைத்து, மணியை ஒரே ஒரு தடவை அடித்தார். கண்டக்டர் தொப்பியைக் கழற்றினார். பசையக்கா அவரைப் பார்த்தாள். எழுந்து போய், கம்பியைப் பிடித்திருந்த அவர் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டாள். அடுத்த நிறுத்தம் வரை எடுக்கவில்லை.

அந்த டிரைவர் பெரிய தாடி வைத்தவர். எட்டு வருடமாகக் கண்டக்டரோடு ஒரே வண்டியில் ஓட்டுகிறார், எட்டு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். கடைசி நிறுத்தத்தில் வண்டி ஏழு நிமிடம் நிற்கலாம் என்பது கம்பெனி விதி. மத்தியானம் அங்கே போய்ச் சேர்ந்ததும் பசையக்கா அவசர அவசரமாக அடுக்கைப் பிரித்தாள். ஏழு நிமிடத்தில் மூன்று பேர் சாப்பிட்டாக வேண்டுமே. தாடிக்காரர் அதைத் திரும்பிப் பார்த்தார். வண்டியை ஓட்டுகிற இரும்புக் கைப்பிடியைப் பிடுங்கினார். அதைப் பிடுங்கிவிட்டால் வண்டி ஒரு அடி நகராது. கால்சட்டைப் பையில் அதைப் போட்டுக்கொண்டார்.

"என்னண்ணே?" என்றார் கண்டக்டர்.

"கைப்பிடி சூடாயிருக்கு. ஆறட்டும்."

சொல்லிவிட்டு இறங்கிப் போய், தூரத்தில் ஒரு மரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். பசையக்கா ஒரு தட்டில் போட்டு வாலுவிடம் கொடுத்தனுப்பினாள். அதை வாங்கிக்கொண்டார், திரும்பவில்லை.

வண்டி ஒரு மணி நேரம் நின்றது. ஏறுவதற்கு ஆள் இல்லை, கேட்பதற்கும் ஆள் இல்லை. ஜன்னல் வெயில் பலகையில் விழுந்து கிடந்தது. மூன்று பேரும் ஒரே பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வாலு நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கத்திலிருந்தும் வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு அப்பா மடியில் தலையும் அம்மா மடியில் காலுமாகத் தூங்கிப் போனாள். கண்டக்டரும் பசையக்காவும் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டில் ஒழுகுகிற குழாய், வாலுவுக்கு ஆடுகிற பல், அவருக்கு முதுகுவலி. ஒன்பது வருடத்துப் பேச்சு சேர்ந்து போயிருந்தது, அதில் கொஞ்சம் கரைந்தது.

மறு வருடம் சர்க்கார் முறைப்படி அறிவித்துவிட்டது. ஊரே ஒரு தடவை கொண்டாடிவிட்ட நாளை இனி பரிசீலித்து என்ன ஆகப் போகிறது? கம்பாசிட்டர் பதினேழைச் சிவப்பில் வைத்தார். முதலாளி எண்ணிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். இந்த நாளை முதலில் போட்டது எங்கள் காலண்டர்தான் என்று விளம்பரமும் செய்தார். தொழிலாளர் நாளில் டிராம்காரனும் தொழிலாளிதானே என்று சங்கம் கேட்டதில், அன்றைக்கு ஒரு வண்டிகூட ஓடாது என்று ஆயிற்று.

ஆக, முதல்முதலாக ஒரு பகலில் மூன்று பேரும் ஒன்றாக வீட்டில் இருந்தார்கள். விடிந்து எழுந்ததும் வாலு தலைவாரி, செருப்புப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"டிராமுக்கு."

"இன்னிக்கு டிராம் இல்ல கண்ணு. அப்பா வீட்டுலதான் இருக்கார் பாரு."

வாலு அப்பாவைப் பார்த்தாள், வெறிச்சோடிய தெருவைப் பார்த்தாள், ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். கண்டக்டர் தூக்கி வைத்துச் சமாதானம் சொன்னார், நடக்கவில்லை. கடைசியில் பசையக்கா டிபன் கேரியரை எடுத்தாள். மூன்று பேரும் தண்டவாளத்தின் மேலேயே நடந்தார்கள். வண்டி வராத தண்டவாளத்தில் வாலு கைகளை விரித்துக்கொண்டு முன்னால் போனாள். ஒரு மணி நேர நடை.

கடைசி நிறுத்தத்தில் அதே மரத்தடியில் தாடிக்காரர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி ஒரு துணியை விரித்துக்கொண்டிருந்தாள். இந்த மூன்று பேரையும் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார். வாய் திறக்க மாட்டாத மனிதர், கால்சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

"கைப்பிடி இன்னும் ஆறல" என்றார்.